எந்த ஊர் மணி?

"இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம்தானே, நேர வேறுபாட்டுத் தொல்லை நமக்கு ஏது?" என்று கணிப்பொறி அமைப்பவர்களில் சிலர் சொல்வதுண்டு. இந்த ஆறுதல் எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்போம்.

முக்கியக் கணக்குகளை வைத்திருப்போர் ஒரே தகவல் தளத்தை நம்பியிருப்பதில்லை. முதன்மைத் தளம் பழுதானால் பொறுப்பேற்க, வேறோர் ஊரில் அதன் நகலாக மாற்றுத் தளம் ஒன்று காத்திருக்கும். முதலாவது சென்னையிலும் மற்றது சிங்கப்பூரிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. ஆயினும் நகல் எடுப்பதில் குழப்பம் வராது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு வரிசை எண்ணோடு போகிறது. மாற்றுத் தளம் அந்த எண்ணைப் பின்பற்றுமேயன்றிக் கடிகாரத்தைப் பார்க்காது. ஆகவே பல மாதங்கள் எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். ஆபத்தும் அதில்தான் ஒளிந்திருக்கிறது.

ஒருநாள் சென்னைத் தளம் நின்றுவிடுகிறது. அன்று மார்ச் 31. ஏதோ ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கொள்ளிடக் கரைத் திருமானூரிலிருந்து ஒரு விவசாயி இரவு 9.40-க்கு விண்ணப்பிக்கிறார். தளமே தன் கடிகாரத்தைப் பார்த்துத் தேதி போடும்படி அமைத்திருந்தால், பொறுப்பேற்ற சிங்கப்பூர்த் தளம் என்ன எழுதும்? ஏப்ரல் 1, நள்ளிரவு 12.10! விண்ணப்பம் தள்ளுபடி. அவர் செய்த குற்றம் என்ன?

'அங்கேயும் இந்திய நேரத்தை வைத்துவிடு' என்பது வழக்கமான பரிகாரம். இது பாதி மருந்தே. கடிகார மணி என்பது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. திருமானூரில் சூரியன் உச்சிக்கு வருவதே சராசரியாக 12.13-க்குத்தான்! 1906-க்கு முன் சென்னைக்குத் தனி நேரம் இருந்தது. இலங்கையோ மின் பற்றாக்குறையால் 1996 மே 25-இல் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. அதே அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரல் 15-இல் இன்னோர் அரை மணி இழுத்து நம் நேரத்துக்கே திரும்பியது. அந்த ஏப்ரல் இரவில் 12 முதல் 12.30 வரை இரண்டு தடவை வந்தது. வெறுமனே '12.15' என்று எழுதிய பதிவு எந்த 12.15? எந்தக் கணிப்பொறியாலும் சொல்ல இயலாது.

உலகப் பொது நேரத்தில் பதிந்து, திரையில் காட்டும்போது மட்டும் ஊர் நேரமாக மாற்றுவதே முறை. படிப்பவருக்குச் சிரமம் என்பார்கள். ஐந்தரை மணியைக் கூட்டித்தரக் கணிப்பொறிக்கு என்ன சிரமம்? கெடு எந்த ஊர் நள்ளிரவில் முடிகிறது என்பதையும் விதியிலேயே எழுதிவிடவேண்டும். அப்போது திருமானூர் விண்ணப்பம் எந்தத் தளத்திலும் மார்ச் 31, 16.10 என்றே பதிவாகும். இந்திய நள்ளிரவுக் கெடு முடிவதோ 18.30-க்கு.