சரளி வரிசையும் இணுவில் மஞ்சமும்

சங்கீதம் தொடங்கும் பிள்ளைக்கு முதலில் கொடுக்கும் இராகம் மாயாமாளவகௌளை. புரந்தரதாசர் வகுத்த வழி என்பது மரபு. எத்தனை நுட்பமான தெரிவு! சட்சத்தை ஒட்டியே ரிஷபம்; பிறகு ஒரு பெரிய தாண்டல்; காந்தாரத்தை ஒட்டியே மத்திமம். பஞ்சமத்துக்கு மேலேயும் அதே கணக்குத்தான்: ஒட்டித் தைவதம், தாண்டி நிஷாதம், அதை ஒட்டி மேற்சட்சம். கீழ்ப்பாதி தொண்டையில் படிந்துவிட்டால் மேற்பாதி புதிதல்ல. சரளி வரிசையை முதற்காலத்தில் நிதானமாகப் பாடவிட்டு, இந்த ஒற்றுமையைப் பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருக்கும் சங்கீத ரீச்சரை நான் பெரிய கலைஞர் என்றே சொல்வேன்.

இதைச் சொல்ல யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தைவிடப் பொருத்தமான இடமில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்லூரி இங்கேதான். அவருடைய மருமகன் சு. நடேசபிள்ளையின் முயற்சியால் 1960இல் இசைக்கென்றே ஒரு கழகமும் இங்கு உருவானது. மகாராஜபுரம் சந்தானம் அதன் அதிபராக இருந்தார். அக்கழகம் 1975இல் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்து, இன்று பல்கலைக்கழகப் பீடமாக வளர்ந்திருக்கிறது. 1931இல் தோன்றி, தரம் தரமாகப் பரீட்சை வைத்து ஊரூராகச் சங்கீத ஆசிரியர்களை உருவாக்கிய வட இலங்கைச் சங்கீத சபையையும் மறக்க முடியாது.

ஆனால் பரீட்சை காதைத் திறக்காது. பாடத் தெரிந்தும் கச்சேரியில் பத்து நிமிடம் இருக்கமாட்டாத பிள்ளைகளை உருவாக்குகிறோம். வருணம் வரை வந்த பிள்ளைக்குப் பக்கத்து இணுவிலின் தவில் எப்படிப் பேசும் என்பது தெரியாது. வி. தெட்சணாமூர்த்தியை உலகுக்குத் தந்த ஊர் அது! சுவாமி புறப்படும்போது நாதஸ்வரத்தில் கம்பீரநாட்டை மல்லாரி எழும். அதற்குச் சாகித்தியமே கிடையாது. சொல்லின்றி ஒரு இராகம் வீதியை நிறைப்பதை ஒருமுறை நின்று கேட்ட பிள்ளைக்கு, கொப்பியில் எழுதிய இராக லட்சணம் அதன்பிறகுதான் உயிர்பெறும்.

சித்திரத்திலும் இதே கதைதான். ஆறாம் ஆண்டில் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் என்பவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுத்ததும் மற்றக் கதவுகள் சாத்தப்படுகின்றன. சங்கீதப் பிள்ளைக்கு ஓவியம் காட்டுவாரில்லை. எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் ஆர்ட் கிளப்பைத் தொடங்கி ஆசிரியர்களையே ஓவியர்களாக்கிய மண் இது. அ. மாற்கு ஹாட்லிக் கல்லூரியில் சித்திரம் படிப்பித்துக்கொண்டே நவீன ஓவியராக வளர்ந்ததும் இங்கேதான். அவர்களுடைய படங்களை எத்தனை வகுப்பறைகளில் காணலாம்?

இணுவில் கந்தசுவாமி கோயிலில் சுவாமி உலா வரும் மஞ்சத்தின் மரச் சிற்பங்களுக்கு முன்னால் ஒரு வகுப்பை அரை மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். பிள்ளைகள் முதலில் யாளியையும் குதிரையையும் எண்ணுவார்கள். பிறகு அடுக்குகள் மேலே போகப்போகக் குறுகுவதைக் கவனிப்பார்கள். கடைசியில் யாரோ ஒரு பிள்ளை ஒரே வளைவு திரும்பத்திரும்ப வருவதைச் சுட்டிக்காட்டும். சரளி வரிசையின் மேற்பாதியில் கீழ்ப்பாதியைக் கண்டுகொண்ட அதே கண்டுபிடிப்பு இது. இரசனை இங்கேதான் பிறக்கிறது.

அதிபர்மாரிடமும் பெற்றோரிடமும் கேட்பது இதுதான்: தவணைக்கு ஒரு நாளாவது பிள்ளைகளைக் கேட்கவும் பார்க்கவும் மட்டும் கூட்டிப்போங்கள். திரும்பி வந்ததும் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள்.