துண்டு துண்டாய் ஒரு பக்கம்

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மிட்டாய்க்கு ஓர் இணையப் பக்கம் அமைக்க உட்காருகிறவருக்கு வேர்ட்பிரஸ் தரும் எடிட்டர் எனக்கு ரொம்பப் பிடித்த கருவி. 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்தது, பெயர் குட்டன்பர்க்.

அதற்கு முன் எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய பெட்டி. படத்தை நகர்த்தினால் பத்தி கலையும். விலைப்பட்டியலை ஒழுங்காக நிறுத்த நிரல் தெரிந்திருக்க வேண்டும். இப்போது தலைப்பு, பத்தி, படம், அட்டவணை எல்லாம் தனித்தனித் துண்டுகள். புது வரியில் ஒரு சாய்கோட்டைத் தட்டினால் துண்டுகளின் பட்டியல் விரிகிறது. மேல் அம்பை அழுத்தினால் வெல்லப்பாகு கொதிக்கும் படம் ஒரு படி ஏறிக்கொள்கிறது. அதற்காக ஒரு பத்தியும் சிதைவதில்லை.

ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்துப் பக்கம் கட்டிய அச்சுக்கூட வேலையின் தொடர்ச்சி இது. சிவகாசியைப் பக்கத்தில் வைத்திருக்கும் கரிசல் சீமைக்கு அந்த வேலையின் அருமை தெரியும். அச்சுக்கலை முன்னோடி குட்டன்பர்க்கின் பெயரை இந்த எடிட்டருக்கு வைத்தது மிகப் பொருத்தம்.

பழைய பெட்டிக்குக் கை பழகியவர்கள் ஆரம்பத்தில் கடுமையாக எதிர்த்தார்கள். அதைத் திரும்பக் கொண்டுவரும் பிளக்இன் இன்றும் பல லட்சம் தளங்களில் இருக்கிறது. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதுவே நல்லது. கடலை மிட்டாயோ, தீப்பெட்டியோ, சொந்தத் தொழில் வைத்திருப்பவர்களே, பிறர் கையை எதிர்பார்க்காமல் உங்கள் பக்கத்தை நீங்களே கட்டிப் பாருங்கள்.