வணிகக் கல்வியும் தலைமைத்துவமும்: ஒரு திறனாய்வு

முதற்பட்டம் பெற்று வெளியேறும் நம் மாணவருட் பலர் இன்று வணிக நிருவாக முதுமாணிப் பட்டத்தை நாடுகின்றனர். அப்பட்டத்தை வழங்கும் நிறுவனங்களோ கணக்கியலையும் சந்தைப்படுத்தலையும் கற்பிப்பதோடு அமைவதில்லை. தந்திரோபாயத் தலைமைத்துவத்தை வளர்ப்பதாகவே கூறுகின்றன. ஒரு நிறுவனம் எத்திசையிற் செல்லவேண்டுமென முன்னறிந்து துணிந்து, அவ்வழியே பிறரையும் நடத்திச் செல்லும் ஆற்றலை அப்பெயராற் குறிப்பர். அதனை வகுப்பறையில் வளர்த்தல் கூடுமோ என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

இக்கல்வியின் தலையாய கருவி நிகழ்வாய்வு முறை. ஐக்கிய அமெரிக்காவில் 1908 இல் தொடங்கிய ஹாவாட் வணிகக் கல்லூரிக்கு 1919 இல் தலைவரான வலஸ் டொனம் இதனை நிலைநாட்டினார். அவர் சட்டம் பயின்றவர். நீதிமன்றத் தீர்ப்புகளைக் கொண்டு சட்டம் கற்பிக்கும் வழக்கம் அப்பல்கலைக்கழகத்துச் சட்டக் கல்லூரியில் 1870 களிலேயே தோன்றியிருந்தது. அதனை அவர் வணிகத்துக்கு மாற்றியமைத்தார். இம்மாற்றத்தில் நுழைந்த ஒரு வேறுபாட்டைப் பலர் கருதுவதில்லை. சட்ட மாணவன் படிப்பது நீதிபதி தாமே எழுதிய தீர்ப்பு. வணிக மாணவன் படிப்பதோ, நிறுவனத்தாரைக் கண்டு கேட்டுப் பிறரொருவர் தொகுத்தெழுதிய கதை. கதை என்பதனால் நாம் அதனை இகழவில்லை. அதற்குத் தலைவன் உளன், சிக்கல் உண்டு, முடிவு மாத்திரம் மறைக்கப்பட்டிருக்கும். ‘இவர் இனி யாது செய்தல் வேண்டும்?’ என்று வினவி ஆசிரியர் வாதத்தைத் தொடங்குவார். ஈராண்டில் இத்தகைய கதைகள் ஏறத்தாழ 500 ஐ மாணவன் கற்றுவிடுகிறான்.

இலக்கியம் பயிற்றுவோர்க்கு இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. எழுதினவர் எதனைச் சேர்த்தார், எதனை விட்டார்? ஹொண்டா நிறுவனத்தின் வரலாறு இவ்வையத்துக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. பிரித்தானிய மோட்டார்ச் சைக்கிள் தொழில் வீழ்ந்தமைக்குக் காரணங் காணுமாறு அந்நாட்டு அரசு பொஸ்ரன் ஆலோசனைக் குழுவினரைக் கேட்க, அவர்கள் 1975 இல் அறிக்கை அளித்தனர். யப்பானிய நிறுவனம் தன்னாட்டிற் சிறு வண்டிகளைப் பெருந்தொகையாக ஆக்கிச் செலவைக் குறைத்தது; அவ்வலிமையைக் கொண்டு அமெரிக்கச் சந்தையைப் பிடித்தது என்பது அவ்வறிக்கையின் சாரம். அதனை வைத்து எழுதப்பட்ட பாடம் வணிக வகுப்புகளில் ஓதப்பட்டது. படிப்போர் மனத்தில், நெடுநோக்குடைய தலைவர் ஒருவர் வரைபடத்தின்முன் அமர்ந்திருக்கும் காட்சியே எழும்.

றிச்சாட் பஸ்கால் என்பார், அமெரிக்காவுக்கு முதலிற் சென்ற ஹொண்டா அலுவலரையே தேடிச் சென்று வினவி, 1984 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்கள் சொன்னது முற்றிலும் வேறு. 1959 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வந்தபோது பெரிய வண்டிகளை விற்பதே அவர்தம் எண்ணம். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் நீண்டதூரம் விரைவாக ஓட்டப்பட்ட அவ்வண்டிகள் எண்ணெய் கசிந்து பழுதுற்றன. தம் சிறு பணிகளுக்காக நகரிலே தாம் ஓட்டித்திரிந்த 50 சீ.சீ. வண்டியைத் தெருவிற் கண்டோர் விரும்பி விசாரித்தனர். பெரிய வண்டிகளுக்கு இழுக்காகும் என அஞ்சி அதனை விற்கத் தயங்கியவர்கள், வேறு வழியின்றியே விற்கத் துணிந்தனர். சந்தை அவ்வாறு திறந்தது.

இவ்விரண்டினுள் எது மெய்? இருபதாண்டுக்கு மேற்பட்ட நினைவைக்கொண்டு உரைத்தவர் கூற்றையும் நாம் அப்படியே ஏற்றல் தகாது. வென்றவர் அடக்கமாகப் பேசுதல் எளிது. மலிவாக ஆக்கும் திறன் தாய்நாட்டில் இல்லாதிருந்தால், தெருவில் எழுந்த விருப்பம் பயன்பட்டுமிராது. ஆயினும் முதற்கதையில் இல்லாத ஒன்று இரண்டாவதில் உண்டு. அது தடுமாற்றம். தாம் எண்ணியது பிழைத்தபோது எதிரே நின்றதைக் கண்டு வழிமாறிய அறிவே அங்கே தலைமைத்துவமாயிற்று. அந்த அறிவைத்தான் ஒழுங்குபடுத்திய பாடம் துடைத்துவிடுகிறது.

கனடாவின் மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி மின்ஸ்பேர்க் இக்குறையை நெடுங்காலம் எடுத்துரைத்தவர். ஐந்து தலைமை நிருவாகிகளைக் கூடவேயிருந்து நோக்கி 1973 இல் அவர் வெளியிட்ட நூல், அவர்தம் பணிகளுட் பாதி ஒன்பது நிமிடத்துக்கும் குறைவாகவே நீடித்தன என்று காட்டியது. ஆறியமர்ந்து திட்டமிடும் தலைவர் என்னும் ஓவியம் அங்கே குலைந்தது. வேண்டுவோர் முகாமையாளரே, எம்.பி.ஏ. பெற்றோர் அல்லர் என்னும் பொருள்படத் தலைப்பிட்ட 2004 ஆம் ஆண்டு நூலில், தொழிலனுபவம் இல்லாத இளைஞர்க்கு முகாமைத்துவம் கற்பித்தல் வீண் என்றே வாதிடுகிறார்.

அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று வலுவற்றது. உயர்நிலை எய்தியோரென 1990 இல் ஒருவர் பாராட்டிய ஹாவாட் பட்டதாரிகள் 19 பேரைப் பின்னர் ஆராய்ந்து, பதின்மர் தெளிவாகத் தோற்றனர், நால்வர் நிலை ஐயத்துக்குரியது, ஐவரே நன்கிருந்தனர் என்கிறார். அப்பட்டம் பெறாத தலைவர் பத்தொன்பதின்மரை அருகே நிறுத்தாது இதனால் யாது நிறுவலாகும்? பரீட்சை விடைத்தாளில் ஒரு மாணவன் இப்படி எழுதின், நாம் ஓரத்திற் கேள்விக்குறி இடுவோம்.

நிகழ்வாய்வு முறைக்கும் ஒரு நன்மை உண்டு. ஏறத்தாழத் தொண்ணூறு பேர் முன்னிலையில், போதாத தகவலை வைத்துக்கொண்டு ஒரு முடிபை உரைத்து, மறுப்புக்கு விடையிறுத்தல் சிறிய பயிற்சியன்று. விரிவுரை எதுவும் கேளாது வெளிவாரியாகப் பட்டத்துக்குப் படித்த எம்போன்றோர்க்கு அவ்வாதம் கிட்டாத பேறு. ஆனால் அது வளர்ப்பது பெரும்பாலும் சொல்வன்மையை. முடிபின் விளைவை வாதித்தவர் சுமப்பதில்லை. மறுநாள் வேறொரு நிறுவனத்தின் கதை மேசைக்கு வந்துவிடுகிறது.

நம் நாட்டிற் பணியிலிருந்துகொண்டே வார இறுதியிற் கற்போர் பலர். மின்ஸ்பேர்க்கும் அவர்தம் தோழரும் 1996 இல் தொடங்கிய கற்கைநெறிக்குத் தேடிச் சேர்த்ததும் பணியிலிருப்போரைத்தான். அத்தகையோர்க்குக் கடல்கடந்த கதைகளை மட்டும் அளித்தல் சிக்கனமன்று. தம் பணியகத்தின் தீராத சிக்கல் ஒன்றை முதலாண்டில் ஒவ்வொருவரும் எழுதிவைத்தல் வேண்டும். எடுத்த முடிபின் விளைவு தெரிந்தபின், ஈராமாண்டில், முந்திய தாளைப் பாராமல் அதனையே மறுபடி எழுதுதல் வேண்டும். இரு தாள்களையும் அருகருகே வைத்துப் படித்து, முன்னதிலிருந்த தடுமாற்றத்துள் எவ்வளவு பின்னதில் மறைந்தது என்று கணக்கிடுதலைப் புள்ளி வழங்கத்தக்க ஒரு பாடமாகவே வைக்கலாம்.