குதிரைக்கு எத்தனை பல்?

சென்ற வாரம் என் தங்கை மகள் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்து சேர்ந்தாள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். பரீட்சைக்குப் பத்து நாள்தான் பாக்கி. “மாமா, நீங்கள் கேள்வி கேளுங்கள், நான் சொல்கிறேன்” என்று நோட்டை என் கையில் கொடுத்தாள். முதலில் இலக்கியக் கலைச்சொற்கள், பிறகு அருஞ்சொற்பொருள், கடைசியில் பாட நாவலின் கதைச் சுருக்கம். நாவல், டிக்கன்ஸ் எழுதிய ‘ஹார்ட் டைம்ஸ்’.

ஐரனி என்று நான் வாயெடுத்ததும் மூச்சு விடாமல் அதன் இலக்கணத்தை ஒப்பித்தாள். ஓர் எழுத்துப் பிழை இல்லை. “சரி, இந்த நாவலில் அது எங்கே வருகிறது?” என்றேன். நோட்டைத் திரும்ப வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். “அது நோட்ஸில் இல்லையே, மாமா!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு எந்த நாவலாக இருந்தாலும் வந்திராது. ஏனென்றால் இந்த நாவல் தொடங்குவதே ஒரு வகுப்பறையில்தான். கிராட்கிரைண்ட் என்ற பெரிய மனிதர், உண்மைத் தகவல்களைத் தவிர வேறெதுவும் பிள்ளைகளின் தலையில் ஏறக்கூடாது என்ற கொள்கையுடையவர். ஸிஸ்ஸி ஜூப் என்ற பெண்ணை எழுப்பி, குதிரைக்கு இலக்கணம் கேட்கிறார். அவள் சர்க்கஸ்காரன் மகள், குதிரைகளோடு வளர்ந்தவள். ஆனால் இலக்கணம் சொல்லத் தெரியாமல் விழிக்கிறாள். பிட்ஸர் என்ற வெளிறிய பையன் எழுந்து குதிரையின் கால், பல், தீனி, குளம்பு எல்லாவற்றையும் கணக்காக ஒப்பிக்கிறான். மொத்தம் 40 பல். இப்போதுதான் உனக்குக் குதிரை என்றால் என்னவென்று தெரிந்தது என்று ஸிஸ்ஸியிடம் சொல்லிவிடுகிறார் பெரியவர்.

இந்த இடத்தை என் மருமகளுக்கு நன்றாகத் தெரியும். கிராட்கிரைண்ட் பயன்முறைக் கல்வியின் பிரதிநிதி என்று நோட்டில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தாள். அவளுக்குத் தெரியாதது, அந்தக் குதிரை கடைசியில் திரும்பி வருகிறது என்பது.

டிக்கன்ஸ் இதை 1854 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை, தாம் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ என்ற வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக எழுதினார். வாரா வாரம் குறைந்த இடத்துக்குள் அடக்க வேண்டிய நெருக்கடி. அந்த அவஸ்தையைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும், முதல் வாரத்துக் குதிரையைக் கடைசி வாரம் வரை கட்டி வைத்திருப்பது எவ்வளவு சிரமம் என்று! கிராட்கிரைண்டின் மகன் டாம் வங்கியில் திருடிவிட்டு, ஸிஸ்ஸியின் பழைய சர்க்கஸ் கூட்டத்தில் வேஷம் போட்டு ஒளிந்திருக்கிறான். அவனைப் பிடிக்க வருபவன் யார்? அதே பிட்ஸர். தகப்பனார் கெஞ்சுகிறார், உனக்கு இருதயம் இல்லையா என்கிறார். இருதயம் இல்லாமல் ரத்த ஓட்டம் எப்படி நடக்கும் என்று அவன் பாடம் சொல்கிறான். அவர் பள்ளியில் கற்ற பாடம், அவரிடமே ஒப்பிக்கிறான்.

பிறகு நடப்பது இன்னும் அழகு. சர்க்கஸ் முதலாளி ஸ்லியரி உதவுவதாகச் சொல்லிப் பிட்ஸரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறான். வழியில் வண்டிக் குதிரை நகராமல் நடனம் ஆடத் தொடங்குகிறது! ஒரு நாய் பிட்ஸரை இறங்கவிடாமல் காவல் காக்கிறது. டாம் தப்பிவிடுகிறான். குதிரைக்கு எத்தனை பல் என்று சொன்னவனுக்கு, அது ஆடும் என்பது தெரியாமல் போயிற்று.

கலைச்சொற்களே வேண்டாம் என்னும் கட்சியில் நான் இல்லை. முதல் தடவை படித்தபோது இந்தக் குதிரை ஆட்டம் எனக்கு வெறும் வேடிக்கையாகவே பட்டது. டிக்கன்ஸ் கொஞ்சம் கூத்தடிக்கிறார் என்று நினைத்துப் புரட்டிவிட்டேன். ஐரனி என்ற சொல் கைக்கு வந்த பிறகுதான், இதற்கு முன்னால் ஏதோ ஒன்று போட்டு வைத்திருக்க வேண்டுமே என்று முதல் அத்தியாயங்களைத் தேடிப் போனேன். தமிழ் வகுப்பில் படித்த வஞ்சப்புகழ்ச்சி இவ்வளவு தூரம் என்னைக் கொண்டு போயிராது. அது ஒரு செய்யுளுக்குள் முடிந்துவிடும் சாமர்த்தியம்.

சில சொற்கள் கெடுதலும் செய்கின்றன. நோட்டில் ‘தட்டைப் பாத்திரம்’ என்ற தலைப்பின் கீழ் டிக்கன்ஸின் ஆட்கள் முக்கால்வாசிப் பேரும் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். இந்தப் பிரிவினையை 1927ல் வெளியிட்ட ஈ. எம். பார்ஸ்டரே, டிக்கன்ஸின் ஆட்கள் தட்டையானாலும் உயிரோடு துடிக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டவர்தான். பாதிதான் நோட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. குற்றம் சொல்வதானால் ஸ்டீபன் பிளாக்பூல் என்ற நெசவாலைத் தொழிலாளியைச் சொல்லலாம். அவ்வளவு நல்லவனை என்னால் நம்ப முடியவில்லை. தொழிற்சங்கத் தலைவனோ வெறும் கேலிச்சித்திரம். டிக்கன்ஸ் நாவல்களில் இதையே தலைசிறந்ததாக எப். ஆர். லீவிஸ் 1948ல் எடுத்துவைத்தார். அந்த அளவுக்கு நான் போகமாட்டேன்.

“ஸ்லியரி பேசும் இடங்களைப் படித்தாயா?” என்று கேட்டேன்.

“இல்லை மாமா. அகராதியில் ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. விட்டுவிட்டேன்.”

எப்படிக் கிடைக்கும்? அவனுக்குத் தெற்றுவாய், மூச்சிரைப்பு வேறு, பிராந்தி வாடை அடிக்கும் ஆசாமி. மனிதர்கள் எந்நேரமும் உழைத்துக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்க முடியாது, கொஞ்சம் களிப்பும் வேண்டும் என்பதை, நாவலின் உயிரான அந்த வார்த்தையை, டிக்கன்ஸ் இவன் வாயில்தான் வைத்தார். கிராட்கிரைண்ட் பள்ளியில் இவன் பேச்சுக்கு மார்க் விழுந்திருக்காது.

புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். கண்ணால் பார்த்தால் புரியாத எழுத்து, காதில் விழுந்ததும் புரிந்துவிட்டது. பெண் தெற்றித் தெற்றி ஸ்லியரியாகவே படித்தாள். சமையலறையிலிருந்து என் மனைவி வந்து, “என்னடி, பல்லுக்கு என்ன?” என்றாள்.

போகும்போது, “குதிரை ஆடியதைப் பரீட்சையில் எழுதலாமா, மாமா? மார்க் போடுவார்களா?” என்று கேட்டாள். திருத்துகிறவர் அந்தப் பக்கம்வரை படித்திருந்தால் போடுவார் என்றேன். அவள் யோசித்துவிட்டு, நோட்டில் பக்க எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போனாள்.