தடுத்தாட்கொண்ட புராணம்: ஓலையின் வழக்கும் உள்ளத்தின் மாற்றமும்

சேக்கிழார் இயற்றிய திருத்தொண்டர் புராணம் என்னும் பெரிய புராணம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் (1133–1150) இது பாடப்பட்டது என்பது மரபு. இதன் 13 சருக்கங்களில் முதலாவதான திருமலைச் சருக்கத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் இடம்பெறுகிறது. சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணத்தை இறைவன் தடுத்து, அவரைத் தன் அடிமையாக்கிக் கொண்ட கதை இது. நாயன்மார் அறுபத்து மூவரைப் பற்றிய ஒரு காப்பியத்தில் இந்தக் கதை முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. சுந்தரர் பாடிய திருத்தொண்டத் தொகையே காப்பியத்தின் மூலம். அவர் ஆட்கொள்ளப்படாவிட்டால் தொகை இல்லை, தொகை இல்லாவிட்டால் புராணமும் இல்லை.

இறைவன் ஒரு மனிதனின் வாழ்க்கைக்குள் புகுந்து அதன் போக்கை மாற்றலாம் என்பதைப் பக்தி இலக்கியம் முழுவதும் ஏற்கிறது. ஆனால் அவன் எதை மாற்றுகிறான்? வெளி வாழ்க்கையையா, உள்ளத்தையா? இரண்டும் ஒரே செயலா? இந்தக் கேள்விகளை மனத்தில் வைத்து இப்பகுதியைப் படித்தால், பாராயண நூலாக மட்டும் படிக்கும்போது கண்ணில் படாத பல நுட்பங்கள் தெரியவருகின்றன.

கதைச் சுருக்கம்

திருநாவலூரில் ஆதிசைவ மரபில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்தவர் நம்பியாரூரர். மன்னர் நரசிங்கமுனையரையர் அவரைத் தம் மகனாக வளர்த்தார். மணப் பருவத்தில் புத்தூர் சடங்கவி சிவாசாரியாரின் மகளை மணம் பேசினர். மணப்பந்தலில் முதிய அந்தணர் ஒருவர் வந்து, இந்த மணமகன் என் அடிமை, அதற்கு ஓலை இருக்கிறது என்கிறார். அந்தணன் அந்தணனுக்கு அடிமையாவது உண்டா, நீர் பித்தரோ என்று நம்பியாரூரர் கேட்கிறார். முதியவர் விடவில்லை. ஓலையைப் பிடுங்கிக் கிழித்தாயிற்று. கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். வழக்கு அவர் ஊரான திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவை ஓலையைப் பார்த்து முதியவர் பக்கம் தீர்ப்பளிக்கிறது. உம் வீடு எங்கே என்று கேட்டபோது அவர் அருட்டுறைக் கோயிலுக்குள் சென்று மறைகிறார்.

ஓலையில் இருந்த பெயர்

சேக்கிழார் இந்த வழக்கை அவசரப்பட்டு முடிக்கவில்லை. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டு என்று அவையினர் கேட்கிறார்கள். அனுபவ உரிமை, எழுத்து, சாட்சி என்று இன்றைய சொற்களில் சொல்லலாம். முதியவர் மூல ஓலையைக் கொடுக்கிறார். அதில் உள்ள கையெழுத்து நம்பியாரூரரின் பாட்டனாருடையதுதானா என்று, காப்பில் இருந்த வேறோர் ஓலையை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சாட்சியொப்பம் இட்டவர்களின் எழுத்தையும் பார்க்கிறார்கள். சோழர் கால ஊரவை எப்படி வழக்கு விசாரித்திருக்கும் என்பதற்கு வரலாற்று மாணவர்கள் இப்பகுதியைத் தேடி வருவதில் வியப்பில்லை.

அந்த ஓலையின் வாசகம்தான் மிக நுட்பமானது. நானும் என் வழிவருவோரும் வழித்தொண்டு செய்வோம் என்று பாட்டனார் எழுதிக் கொடுத்திருக்கிறார். யாருக்கு? வெண்ணெய்நல்லூர்ப் பித்தனுக்கு. மணப்பந்தலில் பேரன் கோபத்தில் வாய்தவறிச் சொன்ன வசைச்சொல், பல ஆண்டுகளுக்கு முன்பே ஓலையில் உடைமையாளரின் பெயராக எழுதப்பட்டிருக்கிறது. எதிர்த்து வாதாடியபோதே அவர் அறியாமல் எதிர்வாதியின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டார். இதைச் சேக்கிழார் விளக்கிச் சொல்வதில்லை. வாசகர் கவனித்தால் கவனிக்கட்டும் என்று விட்டுவிடுகிறார். பின்னர் எதைப் பாடுவது என்று சுந்தரர் கேட்கும்போது, என்னைப் பித்தன் என்றாயே, அதையே முதலாக வைத்துப் பாடு என்று இறைவன் சொல்வதற்கு ஓலையிலேயே அடித்தளம் போடப்பட்டிருக்கிறது.

தீர்ப்பு செய்யாதது

தீர்ப்பு வந்ததும் சுந்தரர் பக்தராகிவிட்டார் என்றே சொற்பொழிவுகளில் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. நூலில் அப்படி இல்லை. தீர்ப்பைக் கேட்டவர், முறை இதுவானால் மறுக்க முடியுமா என்ற அளவில்தான் இசைகிறார். அது சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஒரு நேர்மையாளரின் பதில். அதில் அன்பு இல்லை. ஓலையால் ஒருவரின் உழைப்பை வாங்கலாம். அதற்கு மேல் ஓலைக்கு அதிகாரம் இல்லை.

அன்பு வரும் இடம் வேறு. கோயிலுக்குள் முதியவர் நுழைந்ததும், நம் பெருமான் கோயிலுக்குள் இவர் ஏன் போகிறார் என்று வியந்து நம்பியாரூரர் பெருவிருப்பத்தோடு தனியே பின்தொடர்கிறார். அப்போது குரல் கேட்கிறது. நீ முன்பே நமக்குத் தொண்டன், வேட்கையால் நம் ஏவலின்படி மண்ணில் பிறந்தாய், துன்ப வாழ்க்கை உன்னைத் தொடராதபடி நாமே தொடர்ந்து வந்து தடுத்தோம் என்கிறது அது. கேட்டவர் தாய்ப்பசுவின் கனைப்பைக் கேட்ட கன்றுபோலக் கதறுகிறார். இந்த உவமையின் பொருத்தம் ஆழமானது. கன்றுக்கு யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, குரலை அது முன்பே அறியும்.

இதற்கான குறிப்பைச் சேக்கிழார் மணப்பந்தலிலேயே வைத்துவிட்டார். முதியவரைப் பார்த்து முதலில் சிரித்த நம்பியாரூரரின் சிரிப்பு நீங்குகிறது. காரணம், முன்பே உள்ளே கிடந்த நேசத்தால் அவர் சிந்தை நெகிழ்கிறது. அந்த நெகிழ்ச்சிக்கு நடுவில்தான் அவர் பித்தரோ என்று கேட்கிறார். உள்ளம் சாய்கிறது, வாய் சண்டை போடுகிறது. ஆகவே இங்கே இறைவன் இல்லாத அன்பைப் புதிதாகத் திணிக்கவில்லை. மறந்துபோன அன்பை எழுப்புகிறான். திருக்கயிலையில் ஆலாலசுந்தரராக இருந்தபோது, மானிடப் பிறவியில் மயங்கினால் என்னைத் தடுத்து ஆட்கொள்ள வேண்டும் என்று அவரே வேண்டிக்கொண்டதாகத் திருமலைச் சிறப்பில் வருவதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அவருடைய சம்மதம் அவருடைய நினைவுக்கு முற்பட்டது.

சூலை நோய் இரண்டு

இறைவன் வற்புறுத்தி மனத்தை மாற்றுகிறான் என்பதற்குத் திருநாவுக்கரசரின் சூலை நோயை எடுத்துக்காட்டுவது வழக்கம். சமண மடத்தில் தருமசேனராக இருந்தவர் வயிற்றுவலி தாங்காமல் திருவதிகைக்கு வந்தார், தமக்கையார் திலகவதியார் கையால் நீறு பெற்றார், பதிகம் பாடினார், நோய் நீங்கியது. வலி மனத்தை மாற்றியது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது எளிது.

அதே பெரிய புராணத்தில் அதே சூலை நோய் இன்னொருவருக்கும் வருகிறது. ஏயர்கோன் கலிக்காம நாயனாருக்கு. ஊடல் கொண்ட பரவையாரிடம் இறைவனையே தூது அனுப்பினார் சுந்தரர் என்று கேள்விப்பட்டு, இப்படியும் ஒரு தொண்டரா என்று கொதித்தவர் அவர். இறைவன் அவருக்குச் சூலை கொடுத்து, வன்தொண்டன் வந்தால்தான் தீரும் என்கிறான். அவர் மசியவில்லை. அவன் தீர்த்து வாழ்வதைவிட இந்த நோயோடு சாவது மேல் என்கிறார். சுந்தரர் வருகிறார் என்று கேட்டதும் உடைவாளால் வயிற்றைக் கிழித்து மாய்கிறார். இறைவன் கொடுத்த வலி அவரிடம் தோற்றது என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு சுந்தரர் வருகிறார். நடந்ததை மறைத்து வரவேற்ற மனைவியாரின் சொல்லைக் கடந்து உள்ளே போய் உடலைப் பார்க்கிறார். தாமும் சாகத் துணிந்து அதே வாளை எடுக்கிறார். அருளால் உயிர்பெற்றெழுந்த கலிக்காமர் அந்தக் கையைப் பிடித்துத் தடுக்கிறார். பகை அந்த நொடியில் முடிகிறது.

இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. நாவுக்கரசர் கதையிலும் வலி செய்தது அவரை அக்காவின் வாசல்வரை கொண்டுவந்ததுதான். அதற்கு முன்பு பல காலம் அந்த அக்கா அவருக்காக இறைவனிடம் முறையிட்டு வந்திருக்கிறார். வலிக்குப் பின்னால் ஓர் அன்பு காத்திருந்தது. கலிக்காமருக்கு அந்த அன்பு சுந்தரர் வாளை எடுத்தபோதுதான் வந்து சேர்ந்தது. இறைவனின் ஆற்றல் குறைந்துபோனது என்று சேக்கிழார் சொல்லவில்லை. அந்த ஆற்றல் மனிதர் வழியாக வந்து சேரும் இடங்களில்தான் அவர் நின்று நிதானமாகப் பாடுகிறார்.

புத்தூர் மணமகள்

இந்தப் புராணத்தை எவ்வளவு போற்றினாலும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. மணம் நின்ற அன்று பந்தலில் இருந்த பெண் என்ன ஆனாள்? சடங்கவியின் மகள் என்பதற்கு மேல் அவளுக்குப் பெயர்கூட இல்லை. சுந்தரரையே நினைந்து வாழ்ந்து சிவலோகம் எளிதில் சேர்ந்தாள் என்று சேக்கிழார் சுருக்கமாக முடித்துவிடுகிறார். அவளிடம் யாரும் ஓலை காட்டவில்லை. அவள் வழக்கு எந்த அவைக்கும் போகவில்லை. மணத்தைத் தடுக்க வந்த அதே இறைவன் பின்னர் திருவாரூரில் பரவையாரையும் திருவொற்றியூரில் சங்கிலியாரையும் சுந்தரருக்கு மணம் செய்து வைக்கிறான் என்னும்போது இந்த மௌனம் இன்னும் கனக்கிறது.

கயிலையில் சுந்தரர் விரும்பிய கமலினியும் அநிந்திதையும்தான் பரவையாரும் சங்கிலியாரும் என்பது புராணம் தரும் சமாதானம். கதையமைப்புக்கு அது பொருந்தும். புத்தூர்ப் பெண்ணுக்கு அது பதிலாகாது. சேக்கிழாருக்கு இத்தகைய நிலை புரியாது என்றும் சொல்ல இயலாது. திலகவதியாருக்கு மணம் பேசிய கலிப்பகையார் போரில் இறந்தபோது, அந்தப் பெண்ணின் துயரையும், உயிர்விடத் துணிந்ததையும், தம்பிக்காக உயிர் தாங்கியதையும், திருவதிகையில் அவர் செய்த தொண்டையும் அவரே விரிவாகப் பாடியிருக்கிறார். மணம் தடைப்பட்ட இரு பெண்களில் ஒருத்திக்கு முழு வாழ்க்கை கிடைத்தது, மற்றவளுக்குச் சில அடிகள். ஒருவரை ஆட்கொள்ளும்போது பக்கத்தில் நிற்பவர் என்ன இழக்கிறார் என்பதை இந்தப் புராணம் பார்க்க மறுத்த இடம் இது.

வன்தொண்டரின் நம்பிக்கை

இறைவனை நம்பி ஒப்படைத்துவிடுதல் என்றால் வாய்மூடிப் பணிதல் என்று பொருள்கொள்வோருக்குச் சுந்தரர் வசதியான எடுத்துக்காட்டு அல்லர். வன்மை பேசியதால் வன்தொண்டன் என்ற பெயர் பெற்றாய் என்று இறைவனே சொல்கிறான். பேசியதற்குத் தண்டனை இல்லை, பட்டம் கிடைக்கிறது. ஓலையில் எழுதிய வழித்தொண்டு என்ன என்று பார்த்தால் அதுவும் பாட்டுத்தான்.

இவை எல்லாம் சேக்கிழாரின் கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது. சுந்தரர் தேவாரமாகிய ஏழாம் திருமுறையிலேயே அகச்சான்றுகள் உள்ளன. திருநாவலூர்ப் பதிகத்தில் அவையின் முன் வன்மை பேசியதையும் வன்தொண்டன் என்னும் வாழ்வு பெற்றதையும் சொல்கிறார். திருக்கோலக்காப் பதிகத்தில் பழைய ஆவணம் காட்டி ஆட்கொண்டதைக் குறிப்பிடுகிறார். திருவெண்ணெய்நல்லூர்ப் பதிகத்தில் ஒவ்வொரு பாட்டையும், உனக்கு ஆளான பின் இனி அல்லேன் என்று சொல்லத் தகுமா என்ற கேள்வியோடு முடிக்கிறார். தாம் ஒரு முறை மறுத்ததை அவர் மறைக்கவில்லை. மறுப்பையே பல்லவிபோலத் திரும்பத் திரும்பச் சொல்லி அதன்மேல் இசைவைக் கட்டுகிறார்.

பிற்கால வாழ்விலும் சண்டை ஓயவில்லை. சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று கோயிலில் சூளுரைக்க வேண்டியிருந்தபோது, இறைவனைச் சற்று நேரம் மகிழ மரத்தடிக்குப் போயிருக்கும்படி கேட்டவர் அவர். சூளுரையை மகிழடியிலேயே வாங்கிக்கொள் என்று சங்கிலியாருக்குக் கனவில் சொல்லிவைத்தவன் இறைவன். சூள் தவறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்ததும் சுந்தரருக்குக் கண்பார்வை போனது. திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஓர் ஊன்றுகோல்தான். காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண் என்று பார்வை தவணை முறையில் திரும்பியது. வழிநெடுக அவர் முறையிட்டார், இடித்துரைத்தார், கேட்டுக்கொண்டே நடந்தார். பார்வை இல்லாதபோதும் அவர் வேறு யாரிடமும் போகவில்லை. திருவாரூர் வந்து ஒரு கண்ணோடு நின்றபோதும், மற்றக் கண்ணையும் அந்தப் பித்தனிடமே கேட்டார்.