நகத்தில் தட்டும் வரப்பு

பெண்ணாடம் பக்கக் கரும்புக் கொல்லைகளில், கரண்ட் மோட்டார் வந்த பிறகும் சில கொட்டகைகளில் பழைய ஆயில் என்ஜின் கிடக்கிறது. இங்கிலாந்தின் டர்ஸ்லியில் பிறந்த லிஸ்டர் வகை. நிமிடத்துக்கு 650 சுற்றுதான், அவசரமே படாது. எங்களுடையது நீலப்புகை கக்கியது. கைப்பிடியைச் சுற்றினால் தோளே வலிக்காத அளவுக்குக் கம்பிரஷன் போயிருந்தது.

"ரிங் மாத்துனா போதும்ணே" என்றது முதல் பட்டறை. மூன்று மாதம் தாங்கியது.

விருத்தாசலத்தில் ஒரு லேத் பட்டறைப் பெரியவர் ஹெட்டைக் கழற்றியதும், சிலிண்டரின் மேல்விளிம்புக்குள் நகத்தை வைத்து இழுத்தார். தட்டியது. "வரப்பு விழுந்திருக்கு பாருங்க." மேல் ரிங் திரும்பும் இடம் அது, சூடு அதிகம், எண்ணெய் குறைவு, தேய்மானமும் அங்கேதான். அப்புறம்தான் துளையை அளக்கும் போர் கேஜ்: குறுக்கே ஓர் அளவு, நெடுக்கே வேறு. வட்டம் முட்டையாகியிருந்தது.

ஓவர்சைஸ் பிஸ்டன் கைக்கு வராமல், துளையைப் பெரிதாக்கும் போரிங் போட மறுத்துவிட்டார். பட்டறை தேடுகிறவர்கள் இந்த மறுப்பைத்தான் தேடவேண்டும். பிஸ்டனை அளந்தல்லவா துளையைக் கடையவேண்டும்? கடைசி ஒரு தௌ, அதாவது 0.025 மில்லிமீட்டர், ஹோனிங் கல்லுக்கு. கல் ஏறியிறங்க, சுவரில் கோரைப்பாய்ப் பின்னல் மாதிரி குறுக்குக் கோடுகள் விழுந்தன. எண்ணெய் தங்கும் இடம்.

இப்போது கைப்பிடியைச் சுற்றினால் தோள் வலிக்கிறது.