கிரைண்டருக்கு வரி போடுவது யார்?

கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. மாவு அரைக்கும் இந்த இயந்திரத்துக்கு 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வரி 28%. அதே ஆண்டு நவம்பரில் 12% ஆனது. 2019-ல் 5%க்கு இறங்கியது. 2022 ஜூலையில் 18%க்கு ஏறியது. சுமார் ஐந்து ஆண்டுகளில் நான்கு விகிதங்கள். பெரும்பாலும் தமிழ்நாட்டில் செய்யப்பட்டு, பெரும்பாலும் தென்னிந்தியச் சமையலறைகளில் சுழலும் ஒரு பொருளுக்கான இந்த நான்கு முடிவுகளில் ஒன்றைக்கூட தமிழ்நாடு சட்டமன்றம் தானாக எடுக்கவில்லை. டெல்லியும் தனியாக எடுக்கவில்லை. எடுத்தது ஜிஎஸ்டி கவுன்சில்.

ஒன்றிய, மாநில அதிகாரப் பகிர்வு என்றதும் ஆளுநர், நீட், ஏழாவது அட்டவணை என்றுதான் பேச்சு போகிறது. ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் அந்தப் பகிர்வில் நடந்த ஆகப்பெரிய மாற்றம் இந்தக் கவுன்சில்தான். அரசமைப்பை எழுதியவர்கள் வரி விஷயத்தில் கறாராக இருந்தார்கள். உற்பத்திக்கு வரி ஒன்றியத்துக்கு, விற்பனைக்கு வரி மாநிலத்துக்கு என்று கோடு கிழித்தார்கள். சண்டை வரக்கூடும் என்பதால் வரிவிதிப்பைப் பொதுப் பட்டியலில் வைப்பதைத் தவிர்த்தார்கள். 2016-ல் வந்த 101-வது திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. 246ஏ பிரிவின்படி இப்போது ஒரே விற்பனையின்மேல் இரு அரசுகளும் வரி போடலாம். எவ்வளவு என்பதை 279ஏ பிரிவின்கீழ் அமைந்த கவுன்சில் பரிந்துரைக்கும்.

இதை மாநிலங்களிடமிருந்து பறித்த அதிகாரம் என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. மாநிலங்கள் விட்டுக்கொடுத்ததைப் போலவே ஒன்றிய அரசும் கலால் வரியின் பெரும்பகுதியையும் சேவை வரி முழுவதையும் பொதுவில் வைத்தது. அதுவரை ஒன்றியத்தின் நிதியமைச்சர் பட்ஜெட் நாளன்று தன் விருப்பப்படி மாற்றிய விகிதங்களை இன்று மாநில அமைச்சர்களோடு உட்கார்ந்து பேசித்தான் மாற்ற வேண்டும். நிதி ஆயோக் கூட்டத்தில் முதலமைச்சர்கள் பேசலாம், அவ்வளவே. இங்கே அவர்களுடைய அமைச்சர்களுக்கு வாக்கு இருக்கிறது. முன்பு வரியின்மேல் வரி விழுந்தது. மாநில எல்லை தாண்டும் சரக்குக்குத் தனி வரி. லாரிகள் செக்போஸ்டில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தன. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று எந்த வணிகரும் கேட்கமாட்டார். அண்டை மாநிலத் தொழிற்சாலையை இழுக்க வரியைக் குறைத்து, பதிலுக்கு அவர்கள் குறைத்து, இருவரும் நஷ்டப்பட்ட போட்டியும் ஓய்ந்தது.

இன்னொரு பலம் எழுதப்படாதது. கவுன்சில் ஏறக்குறைய எல்லா முடிவுகளையும் இணக்கத்தின் பேரில் எடுத்திருக்கிறது. அன்றைய ஒன்றிய நிதியமைச்சர் அருண் ஜேட்லி தலைமை தாங்கிய தொடக்க ஆண்டுகளில் அமைந்த வழக்கம் அது. முதல் வாக்கெடுப்பு 2019 டிசம்பரில்தான் வந்தது. அதுவும் லாட்டரிச் சீட்டுக்கான வரி குறித்து, கேரளம் வற்புறுத்தியதால். நாடாளுமன்றத்தில் முகம் பார்த்துப் பேசாத கட்சிகள் இங்கே பிஸ்கட்டுக்கும் பம்ப்செட்டுக்கும் விகிதம் பேசி முடித்தன என்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் அந்த இணக்கத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. எல்லா மாநிலங்களுக்கும், சட்டமன்றமுள்ள யூனியன் பிரதேசங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். 31 உறுப்பரசுகளும் ஒரே குரலில் பேசினாலும் 67% கூடத் தேறாது. ஒன்றியம் தலையசைக்காமல் எதுவும் நகராது. மறுபுறம், ஒன்றியத்தோடு 20 பேர் சேர்ந்தால் போதும். தடுக்க நினைப்பவர்கள் 12 பேரைத் திரட்ட வேண்டும். ஒன்றியத்துக்குத் தனி ஆளாகத் தடுப்பதிகாரம், மாநிலங்களுக்குக் கூட்டம் சேர்த்தால் மட்டுமே என்ற இந்த ஏற்பாட்டைச் சமமான பகிர்வு என்று எப்படிச் சொல்வது?

மாநிலங்களுக்குள்ளும் சிக்கல் உண்டு. உத்தரப் பிரதேசத்துக்கும் சிக்கிமுக்கும் ஒரே எடை. சிறிய மாநிலங்களைப் பெரியவை விழுங்காமல் காக்க இது தேவை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சொந்த வருவாயை நம்பி வாழும் மாநிலமும், ஒன்றியத்தின் மானியத்தை நம்பி வாழும் மாநிலமும் வரி விகிதத்தை ஒரே கண்ணோடு பார்ப்பதில்லை. தமிழ்நாட்டின் நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் 2021-ல் தன் முதல் கவுன்சில் கூட்டத்திலேயே இதைச் சுட்டிக்காட்டினார். அவர் சொன்ன தொனி பலருக்குப் பிடிக்கவில்லை. கேள்வி சரியானது.

இணக்கம் எவ்வளவு தாங்கும் என்பதை 2020 காட்டியது. ஜிஎஸ்டியில் சேரத் தயங்கிய மாநிலங்களை, ஆண்டுக்கு 14% வளர்ச்சியைக் கணக்கிட்டு ஐந்தாண்டுக்கு இழப்பீடு என்ற சட்ட உறுதிதான் உள்ளே கொண்டுவந்தது. கொரோனாவில் வசூல் சரிந்ததும் ஒன்றிய நிதியமைச்சர் அதைக் கடவுளின் செயல் என்றார். மாநிலங்கள் கடன் வாங்கிக்கொள்ளட்டும் என்று இரண்டு வழிகளை முன்வைத்தார். சட்டம் எழுதிய கடமையைப் பேரம் பேசும் பொருளாக்கியதுதான் அந்த ஆண்டின் உண்மையான சேதம். கடைசியில் ஒன்றியமே கடன் வாங்கி மாநிலங்களுக்குக் கொடுத்தது. அந்தக் கடனை அடைப்பதற்காக இழப்பீட்டுச் செஸ் வசூல் 2026 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. பணம் வந்து சேர்ந்தது, நம்பிக்கை அப்படிச் சேரவில்லை.

இத்தகைய தகராறைத் தீர்க்கக் கவுன்சில் தனி அமைப்பு ஒன்றை உருவாக்க வேண்டும் என்று 279ஏ பிரிவே சொல்கிறது. அந்த மோதல் வந்தபோது அப்படி ஒன்று இருக்கவில்லை. தகராறில் ஒரு தரப்பான ஒன்றிய அமைச்சரே கூட்டத்தின் தலைவர். அவரிடமே முறையிட வேண்டும்.

2022 மே மாதம் மோகித் மினரல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கவுன்சிலின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையும் சட்டமன்றங்களையும் கட்டுப்படுத்தாது, அவற்றுக்கு அறிவுறுத்தும் மதிப்பு மட்டுமே என்றது. மாநில உரிமை பேசுவோர் கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டம் எனக்குக் கொஞ்சம் அவசரமாகப் பட்டது. ஒரு மாநிலம் நாளையே கிரைண்டருக்கு வேறு விகிதம் வைக்கலாம் என்று வையுங்கள். பில்லும் ரிட்டனும் ஓடுவது நாடு முழுமைக்குமான ஒரே கணினி வலையமைப்பில். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் வரியை வசூலித்துப் பிரித்துத் தருவது ஒன்றியம். இவற்றை மீறித் தனியே நடக்க எந்த நிதிச் செயலாளரும் கோப்பில் எழுதமாட்டார். தீர்ப்பு தந்தது பெரும்பாலும் ஏட்டளவில் நிற்கும் உரிமை.

அவசர காலத்தில் இந்த இறுக்கம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் மூழ்கிய கேரளம் தன் மக்களிடமே 1% கூடுதலாக வசூலித்துக்கொள்ளக் கவுன்சில் அனுமதி தந்தது 2019 ஜனவரியில். அனுமதி கிடைத்தது என்பதைக் கவுன்சிலின் நெகிழ்வுக்குச் சான்றாகவும் காட்டலாம். தன் மக்கள்மேல் தானே வரி போட ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு ஐந்து மாதம் காத்திருந்தது என்றும் படிக்கலாம். எனக்கு இரண்டாவதே கனமாகத் தெரிகிறது.

ஒரே சந்தை வேண்டுமென்றால் ஒரே விகிதம் வேண்டும் என்பது நிரூபிக்கப்பட்ட விதியல்ல. கனடாவில் ஒன்றியத்தின் பங்கு 5%. அதன்மேல் மாகாணங்கள் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. ஒன்டாரியோவில் மொத்தம் 13%. நோவா ஸ்கோஷியா 2025 ஏப்ரலில் தன் 15%-ஐ 14% ஆக்கியது. ஆல்பர்ட்டா மாகாண விற்பனை வரியே போடுவதில்லை. அதற்காக அங்கே சந்தை உடைந்துவிடவில்லை. இங்கும் எந்தப் பொருளுக்கு வரி, ரிட்டன் எப்படி என்பவற்றைப் பொதுவில் வைத்து, வரியில் மாநிலத்துக்குரிய பாதியில் ஓரிரு சதவீதம் ஏற்றியிறக்கும் உரிமையை விட்டிருக்கலாம். 2025 செப்டம்பரில் விகிதங்களைப் பெரும்பாலும் 5, 18 என்று சுருக்கினார்கள். வாங்குபவருக்கு நல்லது. வருவாய் குறையுமே என்று கேட்ட மாநிலங்களுக்கு இம்முறை இழப்பீட்டு உறுதி எதுவும் இல்லை.

மாநிலங்கள் கையில் இன்னும் மிஞ்சியிருப்பவை மது, பெட்ரோல், டீசல், பத்திரப்பதிவு, வாகன வரி போன்ற சில. டாஸ்மாக் வருவாயை விடமுடியாமல் தவிக்கும் அரசியலுக்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மதுவிலக்கு பேசுவோர் சேர்த்துப் பேசுவதில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு தன் பட்ஜெட்டில் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. மறுநாளே அமலானது, யாரிடமும் கேட்கவில்லை. அடுத்த மாதம் லக்னோவில் கூடிய கவுன்சிலில் பெட்ரோலையும் ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரும் பேச்சு வந்தபோது மாநிலங்கள் இசையவில்லை. இசைந்திருந்தால், அப்படி ஒரு மூன்று ரூபாயை அதற்குப் பிறகு எந்தச் சட்டமன்றமும் தானாகக் குறைக்க முடிந்திருக்காது.